தங்கையின் பங்கும் ஆலயத்துக்கான பொருத்தனையும்

வாசகர் கடிதம் (சுருக்கம்)

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகருக்கு வயது 61. அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். தம் சபையின் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) பல ஆண்டுகளாக இருப்பவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய தந்தை 1994இல் உயில் எழுதாமல் காலமானார். தாய் 2008இல் காலமானார். அண்ணன், இவர், தங்கை என மூன்று பிள்ளைகள். தந்தை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பை, 2010இல் அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 60 சென்ட் என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொண்டார்கள். தங்கையிடம் கையெழுத்து வாங்கவில்லை, சொல்லவும் இல்லை. "1988இல் 40 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தோம், அதோடு அவள் கணக்கு முடிந்தது" என்பதே வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பேச்சு. சாகும் முன் தாயும் "தோப்பு ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னாராம்.

தங்கையின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மகளை நர்சிங் படிக்க வைக்கும் அவர், சென்ற ஆண்டு முதன்முறையாக, "அப்பா சொத்தில் எனக்கு ஏதாவது உண்டா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். மூத்தவர் கோபப்பட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார். நம் வாசகர், "உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படியே குடும்ப ஜெபத்தில் தங்கையின் பெயரைச் சொல்லி ஜெபித்தும் வருகிறார். இதற்கிடையில் பேத்தியின் இருதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் புதிய ஆலயக் கட்டடத்துக்குப் பத்து லட்சம் தருவதாகப் பொருத்தனை பண்ணினார். சிகிச்சையும் நன்றாக முடிந்தது. அதற்காகத் தம் வசமுள்ள தோப்பில் 25 சென்ட்டை விற்க ஒப்பந்தம் எழுதி முன்பணமும் வாங்கியிருக்கிறார். கிரையப் பத்திரத்துக்கு இரண்டு மாதமே இருக்கும் நிலையில், யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒரு பிரசங்கம் கேட்டது முதல் தூக்கம் போய்விட்டது என்கிறார். நகை போட்ட பிறகும் தங்கைக்குச் சட்டப்படி பங்கு உண்டா, பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டதால் அந்த உரிமை போய்விட்டதா, விற்கும் பணத்தில் ஒரு லட்சத்தை அன்பளிப்பாகத் தங்கைக்குக் கொடுத்தால் போதாதா, விசுவாசத்தினால் இரட்சிக்கப்பட்டவன் பழைய காரியத்துக்காக இப்படிக் கலங்குவது கிரியைகளை, அதாவது தன் நற்செயல்களை, நம்புவதாகாதா என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரரே,

சட்டக் கேள்வியையும் விசுவாசக் கேள்வியையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞர் என்ற முறையில் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை உங்கள் போதகரிடம் விட்டுவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. உரிமை கோருவதற்குக் கால வரம்பு விதிக்கும் காலாவதிச் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்ட அதே பத்தியில்தான் "பழையவைகள் ஒழிந்துபோயின" என்ற வசனத்தையும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே வேதத்தைக் கையில் வைத்திருப்பவன் என்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கம் போனதைப் பலவீனமாகவோ பிசாசின் குற்றச்சாட்டாகவோ எண்ணி ஜெபித்து விரட்டப் பார்க்காதீர்கள். உங்கள் மனச்சாட்சி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது.

தங்கைக்குச் சட்டப்படி உள்ள பங்கு

கிறிஸ்தவர்கள் உயில் எழுதாமல் இறந்தால் அவர்களுடைய சொத்து 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்குகிறது. அதன் 33ஆம் பிரிவின்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகளுக்குள் ஆண், பெண் என்ற பாகுபாடு கிடையாது; திருமணம் ஆனவரா ஆகாதவரா என்ற கேள்வியும் கிடையாது. ஆகவே 1994இல் உங்கள் தாய்க்கு 40 சென்ட்டும், மீதி 80 சென்ட்டில் உங்கள் மூவருக்கும் சம பங்கும் வந்தது. தாயும் உயில் இல்லாமல் இறந்ததால் அவருடைய 40 சென்ட்டும் உங்கள் மூவருக்கும் சமமாக இறங்கியது. கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 40 சென்ட். வாய்வார்த்தையாகச் சொன்னது உயில் ஆகாது. எழுத்தில் இருந்து, கையெழுத்தாகி, இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட்டிருக்க வேண்டும். நீங்களும் அண்ணனும் ஆளுக்கு 60 சென்ட் எழுதிக்கொண்டபோது, தங்கையின் 40 சென்ட்டை ஆளுக்கு 20 சென்ட்டாக எடுத்துக்கொண்டீர்கள். இதைக் கடினமாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் கணக்கு இதுதான்.

நகையைப் பற்றிய உங்கள் எண்ணம் நம் மாவட்டத்தில் படித்தவர்களிடமும் இருக்கிறது. அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது: தந்தை தம் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணமோ சொத்தோ, அந்தப் பிள்ளையின் வாரிசுப் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கப்படாது. அப்படிக் கழிப்பதென்றால் உங்கள் படிப்புக்கும் அண்ணன் தொழில் தொடங்கவும் அப்பா செலவழித்ததையும் கழிக்க வேண்டியிருக்கும். அதை யாரும் பேசுவதில்லை. வரதட்சணையாகக் கொடுத்தது என்றால், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கொடுத்ததே குற்றம். ஒரு குற்றத்தைக் காட்டி இன்னொருவரின் பங்கை இல்லை என்று சொல்ல முடியாது.

"கட்டிக்கொடுத்தால் கணக்கு முடிந்தது" என்ற பேச்சுக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. 1949 வரை நாம் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாத தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே ஸ்திரீதனமாகக் கொடுத்தது. அந்தச் சட்டம் போய்விட்டது என்பதை, நம் மாவட்டத்தைச் சேர்ந்த வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 1970களின் பிற்பகுதியிலேயே சொல்லிவிட்டது. கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பளித்தது. உங்கள் தந்தை இறந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து. சட்டம் மாறிய பிறகும் வீடுகளில் பழைய கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சபைகளும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டத்தில், பெண்களின் மானத்துக்காக மன்னராட்சியையும் மேல்சாதியாரையும் எதிர்த்து நின்ற விசுவாசிகளின் பேரப்பிள்ளைகள் நாம். பெண்ணின் பங்கு என்று வரும்போது மட்டும் நாம் மௌனமாகிவிடுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

பன்னிரண்டு வருடக் கணக்கு

பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் சொத்து நமக்கே என்பது அரைகுறையாகப் பரவியிருக்கும் உண்மை. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் கைவசம் வைத்திருப்பது மற்றவர்களுக்காகவும் வைத்திருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இதில் உரிமை இல்லை" என்று அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால்தான் எதிரிடை அனுபவ உரிமை கோர முடியும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் தங்கைக்கு 2010 பத்திரமே தெரியாது. அவர் கேட்டதும் அண்ணன் மறுத்ததும் சென்ற ஆண்டுதான். அவர் கட்சியாக இல்லாத பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. பத்திரம் பதிவானாலே எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் என்று வாதாட ஒரு வழக்கறிஞர் கிடைக்கலாம். வழக்கைப் பத்து வருடம் இழுக்கவும் செய்யலாம். ஆனால் அந்த வாதத்தின் அடிப்படையே, தங்கையின் உரிமையை நீங்கள் பகையோடு மறுத்தீர்கள் என்பதுதான். நீதிமன்றத்தில் அதைச் சத்தியம் செய்து சொல்லிவிட்டு, மாலையில் குடும்ப ஜெபத்தில் அவருடைய பெயரைச் சொல்ல உங்களால் முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

"விசுவாசம் இருந்தால் போதாதா?"

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இது. எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் எட்டாம், ஒன்பதாம் வசனங்களைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால் உண்டானதல்ல. அதில் ஒரு எழுத்தையும் நான் குறைக்க மாட்டேன். ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பத்தாம் வசனம் தொடர்கிறது. யாக்கோபு பவுலுக்கு எதிராகப் பேசுகிறார் என்று நினைப்பவர்கள், இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்தெந்த இடத்தை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15: ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு எடுப்பது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய ஆதியாகமம் 22: மோரியா மலையில் ஈசாக்கைக் கட்டிய கைகள். முதலில் வந்த விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்பது பிறகு வந்த கீழ்ப்படிதலில் தெரிந்தது. கீழ்ப்படிதல் இரட்சிப்புக்குக் கொடுக்கிற விலை இல்லை. ஆனால் அது இல்லாத இடத்தில் விசுவாசம் இருக்கிறதா என்று கேட்க யாக்கோபுக்கு உரிமை உண்டு.

அவர் காட்டும் உதாரணத்தை மறுபடி படியுங்கள். "ஒரு சகோதரனாவது சகோதரியாவது வஸ்திரமில்லாமலும் அநுதின ஆகாரமில்லாமலும் இருக்கும்போது" என்று தொடங்குகிறார். தேவையானதைக் கொடுக்காமல் "சமாதானத்தோடே போங்கள்" என்று வாழ்த்தி அனுப்புகிறவனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். உங்கள் தங்கை கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில், "உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்." அந்த ஜெபம் பொய் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே ஜெபித்திருப்பீர்கள். ஆனால் அந்த ஜெபத்துக்கான பதில் உங்கள் பீரோவில், பத்திர உறைக்குள் இருக்கிறது. யாக்கோபு சொல்லும் ஆளுக்காவது தன் கையில் இருப்பதைக் கொடுக்கவில்லை என்ற குற்றம் மட்டுமே. நம் கையிலோ அவளுடையதே இருக்கிறது.

இங்கேதான் உங்கள் எண்ணத்தை நான் முக்கியமாகத் திருத்த வேண்டியிருக்கிறது. தங்கைக்குக் கொடுப்பதை ஒரு நற்கிரியையாக, தானதருமத்தின் வரிசையில் வைத்துப் பார்க்கிறீர்கள்; அதனால்தான் "கிரியைகளை நம்புவதாகிவிடுமோ" என்ற பயம் வருகிறது. ஒருவருக்குச் சொந்தமானதை அவரிடமே சேர்ப்பதில் மேன்மைபாராட்ட ஏதுமில்லை. வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவின் கதையில் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது. ஆண்டவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டுக்குத் தாமாகவே வந்தார். அது கிருபை, அதற்கு அவன் எதையும் செய்திருக்கவில்லை. அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றும், அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றும் சொன்னான். ஏழைகளுக்குத் தருவது வேறு, வஞ்சிக்கப்பட்டவருக்குத் திருப்புவது வேறு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்றே என்று மற்றதைத் தள்ளிவிடவில்லை. "பழையவைகள் ஒழிந்துபோயின" என்று அவனும் சொல்லியிருக்கலாம், வரிக்கணக்கைத் திறந்தான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னது அதற்குப் பின்புதான்.

பெண்ணின் சுதந்தரப் பங்கு இந்தக் காலத்துச் சட்டம் கொண்டுவந்த புதுமை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணாகமம் 27ஐப் பாருங்கள். செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆசரிப்புக் கூடாரவாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக நின்று தங்கள் தகப்பன் பங்கைக் கேட்டார்கள். மோசே அவர்களை அதட்டவில்லை, கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் சொன்னார். சகோதரர் இல்லாத வீட்டுக்குத்தான் அந்தக் கட்டளை என்று உங்கள் அண்ணன் சொல்லக்கூடும், அது சரிதான். அப்படியானால் யோபின் கடைசி அதிகாரத்தையும் காட்டுங்கள். அங்கே தகப்பன் தன் குமாரத்திகளுக்கு அவர்களுடைய சகோதரரின் நடுவிலேயே சுதந்தரம் கொடுத்தான்.

பொருத்தனைப் பணம்

பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதிக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் எதிலிருந்து செலுத்துகிறோம் என்பதையும் வேதம் கேட்கிறது. கொள்ளைப்பொருளினால் இடப்படும் தகனபலியைத் தாம் வெறுப்பதாக ஏசாயா 61இல் கர்த்தர் சொல்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கென்று காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்கக் கட்டளை பெற்றிருந்த சவுல் ராஜா, அமலேக்கியரிடமிருந்து தப்பவைத்த நல்ல ஆடுகளைப் பலியிடத்தான் கொண்டுவந்தேன் என்றான். பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொன்னது அப்போதுதான். இவர்கள் எல்லோருமே தேவனுக்கு எதையோ கொடுக்கத்தான் வந்தார்கள். வரிசை தவறியதுதான் பிரச்சினை. மத்தேயு 5இல் அந்த வரிசையை ஆண்டவரே சொல்லியிருக்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை. தங்கைக்கு உங்கள் கையிலிருந்து சேர வேண்டியது 20 சென்ட். அதைக் கழித்தால் 40 சென்ட் முழுக்க உங்களுடையது. அதில் 25 சென்ட்டை விற்றுப் பொருத்தனையைச் செலுத்தினாலும் 15 சென்ட் மிஞ்சும். பிள்ளைகளுக்கு விட்டுப்போவது குறையும், அது உண்மையான இழப்புதான். ஆனால் ஆலயத்துக்கா தங்கைக்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இல்லை. ஒரு லட்சத்தை அன்பளிப்பாகத் தருவதை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 20 சென்ட்டின் சந்தை விலை உங்களுக்குத் தெரியும். தங்கைக்கும் ஒருநாள் தெரியவரும்.

தற்போதைய நிலையில் கிரையம் முடிப்பதில் சட்ட ஆபத்தும் இருக்கிறது. கிரையப் பத்திரத்தில் வழக்கமாக ஒரு வரி வரும்: மேற்படி சொத்தில் என்னைத் தவிர வேறு எவருக்கும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்றும், வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தருவேன் என்றும். வாரிசாகத் தங்கை இருப்பதை அறிந்துகொண்டே அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டால், நாளை அவர் பாக வழக்குப் போடும்போது வாங்கியவர் உங்கள் மீது நஷ்டஈடும் கேட்கலாம், மோசடிப் புகாரும் தரலாம். பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டும்போது யாரும் கவனிக்காத வரி அது. உங்கள் விசுவாசம் கீழ்ப்படிதலாக மாற வேண்டிய இடம் இப்போதைக்கு அந்த ஒரு வரிதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

மிகச் சிறந்த வழி, மூவரும் சேர்ந்து 2010 பத்திரத்தை ரத்து செய்துவிட்டு, தங்கையையும் ஒரு கட்சியாகச் சேர்த்துப் புதிய பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்வது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வைச் சலுகை இருக்கிறது. இன்றைய தொகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதை, கிணறு, மோட்டார் இணைப்பு ஆகியவற்றில் அவருக்குள்ள உரிமையையும் பத்திரத்தில் எழுத வேண்டும். வழியில்லாத மூலையில் 40 சென்ட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் பங்கு கொடுத்ததாகச் சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு.

அண்ணன் மறுத்தால், அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் 60 சென்ட்டில் 20 சென்ட்டை அளந்து நீங்களே தங்கையின் பெயருக்குப் பதிவு செய்து கொடுக்கலாம். அன்பினாலும் பிரியத்தினாலும் தானமாகக் கொடுத்ததாக அந்தப் பத்திரம் எழுதப்படக் கூடாது. பெற்றோரின் வாரிசு என்ற முறையில் அவருக்குள்ள உரிமையை ஏற்று ஒப்படைப்பதாகவும், அண்ணன் வசமுள்ள பகுதியில் அவருக்குள்ள உரிமை இதனால் பாதிக்கப்படாது என்றும் எழுதச் சொல்லுங்கள். அண்ணன் மீது அவர் வழக்குத் தொடுத்தால் உங்களையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது அவருடைய பங்கை ஒப்புக்கொண்டு எதிருரை தாக்கல் செய்யுங்கள். அண்ணனின் கோபத்துக்கு ஆளாவீர்கள். அவர் வீட்டின் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராமலும் போகலாம். அதைத் தவிர்க்க நான் வழி சொல்ல முடியாது.

நிலம் வேண்டாம், மகள் படிப்புக்குப் பணமாகத் தாருங்கள் என்று தங்கையே கேட்டால் அதுவும் செய்யலாம். அப்போது அரசு வழிகாட்டி மதிப்பைப் பிடித்துக்கொள்ளாமல் சந்தை விலையை வெளியாள் ஒருவரைக்கொண்டு மதிப்பிட்டு, முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுத்து, அதன் பிறகே, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தைப் பெற வேண்டும். அவருக்குத் தனி வழக்கறிஞர் இருப்பது நல்லது. பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமான வரம்பு பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள். வழக்குக்கு முன்பே அங்கே சமரசம் பேசி லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால், அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

தோப்பின் வருமானத்தையும் மறந்துவிடாதீர்கள். பாக வழக்கில் அவர் அதற்கும் கணக்குக் கேட்க முடியும். தேங்காய் விலையும், வெட்டுக்கூலி, உரச்செலவும் உங்கள் நோட்டில் இருக்கும். செலவு போக அந்த 20 சென்ட்டின் பங்கு என்ன வரும் என்று எழுதி அவரிடம் காட்டுங்கள். லேவியராகமம் ஆறாம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டு எவ்வளவு இயலுமோ அதைத் தவணையாகவும் கொடுக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தங்கைக்கு உண்டு. அவர் சார்பில் நீங்களே அதைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

மகன்கள் சம்மதிக்கவில்லை என்கிறீர்கள். கிறிஸ்தவ வாரிசுரிமையில் பிறப்பால் வரும் பங்கு என்று ஒன்று கிடையாது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்கள் பங்கின் மீது மகன்களுக்குச் சட்ட உரிமை இல்லை. தங்கையின் பங்கின் மீது என்றைக்குமே இல்லை. ஆனாலும் அவர்களை உட்காரவைத்து, மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு அத்தையின் வழக்கைச் சந்திக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

போதகர் ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி, தங்கை நீதிமன்றம் போகக் கூடாது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சமாதானத்தை விரும்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை" என்ற ஏழாம் வசனத்தை இழந்தவளிடம் வாசித்துவிட்டு, "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்ற எட்டாம் வசனத்தை எடுத்துக்கொண்டவரிடம் வாசிக்காமல் விடுவது நியாயமல்ல. அந்த எட்டாம் வசனம் நமக்கு எழுதப்பட்டது. கமிட்டியில் இருக்கும் நீங்கள், பெயர் சொல்லாமலாவது, இதைப் போதகரிடம் பணிவாகப் பேசலாம். உங்கள் சபையில் இதே நிலையில் இருக்கும் தங்கைகள் இன்னும் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் தங்கை வீட்டுக்குப் போங்கள். தயாராக எழுதிய பத்திரத்தையோ காசோலையையோ கொண்டுபோகாதீர்கள். போதகரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் முன்னால் தங்கை மறுத்துப் பேசக் கூச்சப்படுவார். 2010 பத்திரத்தின் நகல் ஒன்றைக் கொண்டுபோய், அவர் மகளும் இருக்கும்போது கொடுத்து, நாங்கள் செய்தது இது, உனக்கு வர வேண்டியது 40 சென்ட், என் கையில் இருப்பது 20, அதைத் தர வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். உடனே மன்னிப்பு கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். யோசிக்கவும் வேறு யாரிடமாவது கேட்கவும் அவருக்கு நாள் வேண்டும்.

அதன் பிறகு பெற்றோர் இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தந்தை வாங்கிய மூலப் பத்திரம், 2010 பத்திரம், பட்டா, இன்றுவரையிலான வில்லங்கச் சான்று, விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றோடு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கிரையத்துக்குக் குறித்த தேதி நெருங்குவதால், நிலத்தை வாங்குபவரிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வாரிசு ஒருவரின் பங்கைப் பிரித்துக் கொடுத்த பிறகே கிரையம் செய்ய முடியும் என்று உண்மையைச் சொல்லி, ஒப்பந்தக் கெடுவை நீட்டித்து இருவரும் எழுத்தில் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அது சம்மதமில்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.